‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம்

மார்ச் 6

சின்னவளுக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பென்ஷன் வாங்குகிறவளுக்கு என்ன குறை.

உன்னோடு இனி பேச மாட்டேன் என்று நான் சொன்னது பெரியப்பா மகன் கல்யாணத்தில், கை கழுவும் இடத்தில். நீ கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றாய். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே.

விஷயம் இதுதான். உன் அத்தான் போன பிறகு மகள் என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். இங்கேயே தங்க வேண்டுமென்றால் இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றும் எப்படியோ தேறிவிட்டேன். பேசுவதில் இரண்டு தரம் தோற்றுவிட்டேன். மூன்றாவது தரம் அக்டோபர் கடைசியில். அதிலும் போனால் வருஷக் கடைசிக்குள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திரும்பி வந்தால் எனக்கு இருக்கிற ஒரே கூரை நீ இருக்கும் அப்பா வீடு. அங்கே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. உனக்கும் முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் போகும். கடைசியில், ‘இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று ஒன்று கேட்பார்கள். முதல் தரம், உங்களுக்குப் பறக்க முடிந்தால் எங்கே போவீர்கள் என்றார்கள். எனக்குப் பறக்க வராது என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். இரண்டாம் தரம், கடந்துபோனதில் ஒன்றை மாற்ற முடிந்திருந்தால் எதை மாற்றியிருப்பீர்கள் என்றார்கள். இரண்டு நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி புரியாமல் இல்லை.

நீ முப்பத்தாறு வருஷம் யார் யார் பிள்ளைகளுக்கோ இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு ஒரு ஏழு மாசம் சொல்லிக்கொடு. வேறு யாராவது இருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

•

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மேலுறையில் உன் மகளின் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். உள்ளே உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. எனக்கு வலது முழங்கால் மட்டும் தகராறு. மற்றபடி நலம்.

நீ பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. நடக்கக்கூடியது ஒன்று, நடக்காது என்று தெரிந்தும் கற்பனை செய்வது ஒன்று, முன்பே நடந்து முடிந்ததை வேறுவிதமாக நினைத்துப் பார்ப்பது ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். அட்டவணை ஒன்று போட்டு இணைத்திருக்கிறேன். அதை மனப்பாடம் செய்யாதே. மனப்பாடம் செய்தால் பரீட்சையில் உன் முகம் அட்டவணையைத்தான் தேடும். உன் மனதில் இருப்பதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. பேசிப் பழகத்தானே, தமிழ் எழுத்திலேயே ஆங்கிலத்தை எழுது, எனக்குப் புரியும்.

மகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு.
உன் தங்கை

•

ஏப்ரல் 20

சின்னவளுக்கு அக்கா எழுதுவது. நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

உன் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பேத்தி நான் வாசிப்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “பாட்டி, நீங்க பேசினா யாரையோ மிரட்டுற மாதிரி இருக்கு” என்கிறாள்.

வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை, குழந்தைகள் உட்காரும் நாற்காலி, முட்டி மோவாயில் இடிக்கும். ரொட்டி சுடுகிறவர் ஒருவர், லாரி ஓட்டுகிறவர் ஒருவர், பேசவே பேசாத தாதி ஒருத்தி, நான். வாத்தியாரம்மா எங்களை ஜோடி சேர்த்து விட்டு, நீங்கள் நாட்டின் ராஜாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்கிறாள். லாரிக்காரர் உடனே எல்லா ரோட்டையும் அகலமாக்கிவிட்டார். ரொட்டிக்காரர் மத்தியானம் வரை தூங்கிவிட்டார். அவர்களுக்கு அது கடகடவென்று வருகிறது. என்னைக் கேட்டபோது, நான் ராஜா இல்லை, கடையில் கால்சட்டை மடித்துத் தைக்கிறவள் என்றேன். வாத்தியாரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

நீ கேட்ட வாக்கியங்கள் தனித்தாளில் இருக்கின்றன. ஐந்துக்கு இங்கே அர்த்தமும் எழுதுகிறேன், தப்பாகப் புரிந்துகொள்ளாமல் இருக்க.

நீ இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் அப்பா உன் முகத்தைப் பார்த்திருப்பார். நீ வந்திருந்தால் நாலு நாள் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டார். நீ கல்நெஞ்சுக்காரியாக இல்லாமல் இருந்தால் மறுநாளே ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போயிருக்க மாட்டாய். நீ ஒரு கடிதம் போட்டிருந்தால் ஆறு வருஷம் நான் தபால்காரரைப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டேன். நீ என் மகள் பிறந்தபோது வந்திருந்தால் அவளுக்குச் சித்தி யார் என்று தெரிந்திருக்கும்.

மற்ற ஐந்தும் இதே மாதிரிதான்.
அக்கா

•

மே 15

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

உன் வாக்கியங்களைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வாக்கியத்தில் ‘இஃப் யூ கேம்’ என்று எழுதியிருக்கிறாய். நடந்து முடிந்த விஷயம் என்பதால் ‘இஃப் யூ ஹேட் கம்’ என்று வர வேண்டும். நான்காவது நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவதில் ‘கல்நெஞ்சு’ என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறாய். அங்கே அப்படிச் சொன்னால் இதய வியாதி என்று நினைப்பார்கள்.

தினம் கால் மணி நேரம் வாய்விட்டுச் சொல். வேகம் முக்கியமில்லை.
உன் தங்கை

•

ஜூன் 2

சின்னவளுக்கு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

பத்துக் கல்லை எடுத்து எறிந்தேன். நீ பத்தையும் பொறுக்கி, துடைத்து, வரிசையாக அடுக்கி, முதல் கல் கொஞ்சம் கோணல் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாய். சின்ன வயதிலும் நீ அப்படித்தான். தலையில் குட்டினால் அழ மாட்டாய். குட்டிய கையில் நகம் வெட்டவில்லை என்பாய்.

இங்கே என் நிலைமையைக் கேள். சலவைக்கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு மேசை, ஒரு மிஷின், ஒரு ஜன்னல். உடுப்பைக் குட்டையாக்குவது, பிடிப்பது, பொத்தான் வைப்பது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் கோட்டு கொண்டுவந்தார். கண்ணாடி முன்னால் நின்று, என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் கையில் இரண்டு அங்குலம் வெட்டச் சொல்லியிருப்பேன், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், பொத்தான் மட்டும் போதும் என்றிருக்கிறார். என் காதில் இரண்டு அங்குலமும் வெட்டுவதும்தான் விழுந்தன. வெட்டிவிட்டேன். அந்த மனுஷர் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்கட்டையும் என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. முதலாளி இனி முன்பக்கம் வந்து யாரிடமும் அளவு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இத்தனை வயதுக்கு மேல் இந்த அவமானம் எனக்குத் தேவையா? நடந்ததை நடந்தது என்று சொல்ல ஒரு பாஷை போதாதா? நடக்காததை எதற்கு இத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் எழுதியதற்குப் பதில் எழுது. திருத்தி அனுப்பாதே.
அக்கா

•

ஜூலை 28

சின்னவளுக்கு. ஐம்பத்தாறு நாளாகிறது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ பதில் போடாவிட்டால் எனக்கு மறந்துபோகும் என்று நினைக்காதே. ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அப்பா பின்பக்கப் படியில் விழுந்தார். இடது கை, இடது கால் போய்விட்டது, வாய் கோணிக்கொண்டது. திங்கள் டாக்டர் வந்தார். சாம்பல் நிறக் கால்சட்டை, காதில் மயிர். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பார் என்றார். செவ்வாய் முழுக்கக் கஞ்சி இறங்கவில்லை, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். ஒவ்வொரு தரம் கதவு சத்தம் கேட்கும்போதும், “சின்னவளா?” என்பார். வியாழன் விடியற்காலை போய்விட்டார். நீ வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாய். எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தோம். பெரியப்பா கூட்டத்தின் நடுவே உன்னைப் பார்த்து, “அஞ்சு நாள் கழிச்சு வர்றே. அப்பனைவிடப் பரீட்சை பெரிசாப் போச்சா உனக்கு?” என்றார்.

மூன்று மாசம்தான் இருக்கிறது. பாடம் சொல்லித்தர இஷ்டமில்லை என்றால் அதையாவது எழுது.
அக்கா

•

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உனக்கு எழுதச் சொல்ல யாரும் இல்லை. இப்போது கைத்தடியோடு அறைக்குள் நடக்கிறேன். கவலைப்படாதே.

படுத்திருந்தபோது உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன். ‘இருந்தால்’, ‘வந்திருந்தால்’, ‘போட்டிருந்தால்’ என்று ஏகப்பட்டது எழுதியிருக்கிறாய். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. உனக்கு இது வராது என்று யார் சொன்னார்கள்? பிறந்ததிலிருந்து அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறாய். ஆனால், நீ அனுப்பிய பத்து வாக்கியமும் ‘நீ’ என்றுதான் தொடங்குகிறது. பரீட்சையில் கேட்பவர் உன்னைப் பற்றிக் கேட்கிறார். அங்கேதான் நீ சுவரைப் பார்க்கிறாய். ‘நான்’ என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் எழுது.

இன்னொன்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி எழுதியிருக்கிறாய். டாக்டரின் காதைக்கூட விடவில்லை. புதன்கிழமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உனக்கு மறதி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வேண்டாம். தமிழில் எழுது, நான் மாற்றித் தருகிறேன்.
உன் தங்கை

•

செப்டம்பர் 10

சின்னவளுக்கு. ஆபரேஷன் என்று ஒரு வரி எனக்கு யாராவது எழுதியிருக்கலாம். அதை இப்போது பேசிப் பயனில்லை. கைத்தடியின் அடியில் ரப்பர் இருக்கிறதா பார். ஈரத்தரையில் வழுக்கும்.

நீ கேட்டபடி வாக்கியங்கள். எனக்குப் பசித்தால் சாப்பிடுவேன். மழை வந்தால் குடை எடுப்பேன். என்னிடம் நல்ல கத்தரிக்கோல் இருந்தால் வேகமாக வெட்டுவேன். மூன்றும் ‘நான்’தான்.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.
அக்கா

•

செப்டம்பர் 12

சின்னவளுக்கு. முந்தாநாள் ஒன்று போட்டேன். அதைக் கிழித்துவிடு.

இன்றைக்கு வகுப்பில் அந்தப் பேசாத தாதி என்னோடு ஜோடி. அட்டையைப் பார்த்து என்னைக் கேட்டாள்: நீங்கள் எதை வேறுமாதிரி செய்திருப்பீர்கள்? நான் அவளைத் திருப்பிக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் பேச வந்தபோது பேசியிருப்பேன் என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இதைச் சொல்வது இவ்வளவு சுலபமா.

அப்பா விழுந்த அன்றைக்கே தந்தி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவரை நான்தான் திருப்பி அனுப்பினேன். கொடுத்தாயிற்று என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்பாவிடம், “வந்துகிட்டே இருக்காப்பா” என்றேன். நாலு நாளும் சொன்னேன்.

உனக்குத் திங்கள், செவ்வாய், புதன் பரீட்சை. உன் ஹாஸ்டல் கடிதத்தில் நேரம்கூட எழுதியிருந்தாய். அம்மா போனபோது நாலாம் வகுப்பில் என் பையைக் கழற்றி வைத்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆள் வேண்டும் என்றார்கள். உனக்குத் தலை பின்னி, சோறு கட்டி, வாசல்வரை வந்து விட்டவள் நான். கடைசிப் பரீட்சையில் பாதியில் நீ எழுந்து வந்துவிட்டால் இரண்டு பேர் படிப்பும் போனதாகிவிடும். டாக்டர் ஒரு வாரம் என்றாரே, புதன் மத்தியானம் கொடுத்தால் வெள்ளிக்கு வந்துவிடுவாய், அப்பா இருப்பார் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை மூன்றரை மணிக்கு நானே தபாலாபீஸுக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். அப்பா என் கணக்குக்குக் காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியப்பா உன்னை அப்படிக் கேட்டபோது நீ என்னைத்தான் பார்த்தாய். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் சொன்னதையே நானும் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பார், இதுவும் ‘நீ’ என்றுதான் தொடங்குகிறது.
அக்கா

•

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இப்போது தடியில்லாமல் பத்தடி நடக்கிறேன்.

எனக்குத் தெரியும். தந்தித் தாளின் தலையிலேயே எந்த நாள், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று இருக்கும். அது உனக்குத் தெரிந்திருக்காது. புதன், மூன்று நாற்பது. ரயிலில் வரும் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அப்பா எப்போது விழுந்தார் என்று பெரியப்பா சொன்ன பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியது தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. நான் படிக்கிறேன் என்று உனக்குள் ஆத்திரம், அப்பாவின் கடைசி நாட்களையாவது உனக்கென்று வைத்துக்கொண்டாய் என்று நினைத்தேன். நாற்பத்தொரு வருஷம் அதையே நினைத்தேன். அதனால்தான் கேட்கவில்லை. நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்தப் புதன்கிழமைப் பரீட்சையில் நான் தேறவில்லை. தந்தி வருவதற்கு முன்பே எழுதியதுதான், அப்பா காரணமில்லை. படித்தது வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மறுபடி எழுதினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தரம் உட்கார்ந்தேன். வரவில்லை. பரீட்சைக்காகத் தந்தியை நிறுத்தியதற்கு எனக்குக் கோபம் இல்லை. வாசலில் அத்தனை பேர் முன்னால் என்னை நிறுத்திவிட்டு நீ தரையைப் பார்த்தாயே, அதற்கு இருக்கிறது. அது இருக்கட்டும். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

உன் வாக்கியத்தை மாற்றித் தந்திருக்கிறேன். ‘இஃப் ஐ ஹேட் சென்ட் த டெலிகிராம் ஆன் சண்டே, மை சிஸ்டர் வுட் ஹாவ் சீன் ஹிம்.’ நான் ஞாயிற்றுக்கிழமையே தந்தி கொடுத்திருந்தால் என் தங்கை அவரைப் பார்த்திருப்பாள். வாய்விட்டுச் சொல்லிப் பழகு.
உன் தங்கை

•

நவம்பர் 24

சின்னவளுக்கு அக்கா எழுதுவது. நலம். நீ படிப்படியாக வெளியே நடக்க ஆரம்பித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

தேறிவிட்டேன். நேற்றுத்தான் தாள் வந்தது. மகள் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். இனி பெட்டி கட்ட வேண்டாம். அங்கே வருவதானால் நானாகத்தான் வருவேன், யாரும் துரத்தி இல்லை.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். உன் கோபத்துக்கு இல்லை, அது உனக்கு உரியது. தோற்றதை மறைத்தாயே, அதற்கு. நான் என்னென்ன செய்து வைத்தேன், நீ போய்த் தோற்றுவிட்டு வந்திருக்கிறாய்.

பரீட்சை எடுத்தவர் சின்ன வயதுக்காரர், நல்ல ஜலதோஷம், மேசை முழுக்கக் கசக்கிய காகிதம். கடைசியில் அட்டையைப் பார்த்து, கடந்துபோனதில் எதை வேறுமாதிரி செய்திருப்பீர்கள் என்றார். நீ எழுதித் தந்ததைச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. சைக்கிள், பஞ்சு, பெரியப்பா எல்லாம் வந்துவிட்டது. நடுவில் எத்தனை தப்பு விட்டேனோ தெரியாது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் அட்டையில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டார். அதே நிலைமை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்?

புதன்கிழமைதான் கொடுப்பேன் என்றேன். நீ தோற்றது தெரிந்த பிறகும்தான். அதற்காக நீ என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள். ஆனால் வெள்ளிக்கிழமை பெரியப்பா கேட்கும்போது, அவளைக் கேட்காதீர்கள், தந்தியை நிறுத்தியது நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன் என்றேன்.

அதை யாரோ ஒரு பையனிடம், அவன் பாஷையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் நம் பாஷையில் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா